ஸ்கேனர் சொக்கட்டில் உயிர் இல்லையா? கம்ப்யூட்டர் பெட்டியை மாற்றுவதற்கு முன் இதைப் பாருங்கள்

போன மழைக் காலத்தில் கொட்டகலைப் பக்கம் இருந்து ஒரு அண்ணன் தன் பழைய வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். செக் என்ஜின் லைட் எரிகிறது, எமிஷன் டெஸ்டுக்குப் போக வேண்டும், கோளாறைப் படிக்கிற ஸ்கேனரைக் குத்தினால் அதில் ஒரு பொட்டு வெளிச்சமும் இல்லை. "தம்பி, கம்ப்யூட்டர் பெட்டி செத்துப் போச்சாம். வேற ஒண்ணு தேடிப் போடணும்னு சொல்லிட்டாங்க" என்றார். முகம் வாடிக் கிடந்தது.

"அண்ணே, என்ஜினையே நடத்துற பெட்டி செத்திருந்தா வண்டி எப்படி இவ்வளவு தூரம் ஓடி வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு, சிகரட் லைட்டர் துளைக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தேன். போன் சார்ஜரின் உலோக நுனி கழன்று உள்ளே குறுக்கே விழுந்து கிடந்தது. அந்த வேனில் லைட்டருக்கும் ஸ்கேனர் சொக்கட்டுக்கும் ஒரே பியூஸ். நுனியை எடுத்து பியூஸை மாற்றியதும் ஸ்கேனர் எரிந்தது. பியூஸின் விலை ஒரு பிளேன்டீக்குக் கொடுக்கிற காசுதான்.

சொக்கட் செத்திருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மின்சாரம் வருகிற வழியையும் எர்த்தையும்தான். பெட்டியைக் கடைசியாகப் பார்க்கலாம். இதைப் பார்க்க ஒரு சாதாரண மல்டிமீட்டர், டோர்ச், நாலைந்து பியூஸ், இரண்டு தையல் ஊசி, வயர் பிடித்த ஒரு 5 வாட் பல்ப் போதும்.

முதலில், அது எந்தச் சொக்கட்?

அமெரிக்காவில் 1996 முதல் எல்லாக் கார்களுக்கும் 16 துளை ஓபிடி (OBD, வண்டி தன் கோளாறைத் தானே கண்டு சொல்லும் முறை) சொக்கட் கட்டாயமானது. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001இல் வந்தது. நம்மிடம் ஓடுகிற பழைய வண்டிகளில் ஏராளமானவை ஜப்பான்காரர் தங்கள் ஊருக்கென்று செய்தவை, அவற்றுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. தொண்ணூறுகளின் டொயோட்டாக்கள் பலவற்றில் பொனட்டுக்குள் மூடி போட்ட ஒரு சின்னக் கறுப்புப் பெட்டிதான் இருக்கும். அதில் டிஇ1 (TE1), இ1 (E1) என்று எழுதிய இரண்டு துளைகளை ஒரு வயர்த்துண்டால் இணைத்து, சாவியை ஓன் பண்ணினால் செக் என்ஜின் லைட் விட்டுவிட்டு மின்னிக் கோளாறு எண்ணைச் சொல்லும். ஒரே சீராக மின்னினால் கோளாறு எதுவும் பதிவாகவில்லை. மூடியின் உள்பக்கப் படத்தைப் பார்த்துத்தான் இணைக்க வேண்டும். பெட்டரியின் பிளஸ் வருகிற துளையை எர்த்தோடு சேர்த்துவிட்டால் வயர் கருகும்.

16 துளை இருப்பதாலேயே சந்தையில் கிடைக்கிற மலிவு புளூடூத் ஸ்கேனர் எல்லா வண்டியோடும் பேசிவிடாது. பழைய ஜப்பான் வண்டிகள் சிலவற்றில் சொக்கட்டின் உருவம் ஒன்றுதான், பேசுகிற பாஷை அந்தக் கம்பனியுடையது. அதனால் உங்கள் ஸ்கேனரை வேறொரு வண்டியில் குத்திப் பாருங்கள். அங்கேயும் எரியாவிட்டால் ஸ்கேனரே பழுது. உங்கள் வண்டியில் ஸ்கேனரின் லைட் எரிந்து, இணைப்பு மட்டும் கிடைக்காவிட்டால் நேரே கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

கண்ணால் பாருங்கள்

சொக்கட் பெரும்பாலும் ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் படும் இடத்தில் இருக்கும். குனிந்து, டோர்ச்சை நேராக உள்ளே அடியுங்கள். ஒவ்வொரு துளைக்குள்ளும் ஒரு சின்ன உலோகத் தகடு தெரியும். எல்லாத் துளையிலும் தகடு இருக்காது, அது கோளாறும் இல்லை. ஆனால் ஒரு தகடு மற்றவற்றைவிட உள்ளே தள்ளி நின்றால், யாரோ ஸ்கேனரை முரட்டுத்தனமாகக் குத்தியதில் அது பின்னால் கழன்றிருக்கிறது. சொக்கட்டின் பின்புறம் அந்த வயரைப் பிடித்து மெல்ல முன்னே தள்ளினால் 'டிக்' என்று உட்காரும்.

மலையகத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: பச்சைப் பூஞ்சணம் மாதிரி ஒரு படிவு. நானுஓயாவிலும் தலவாக்கலையிலும் நாள்கணக்காக மூட்டம் கட்டி நிற்கும்போது, ஈரச் சப்பாத்தும் நனைந்த காலடி மெத்தையுமாக வண்டிக்குள் ஈரம் காய்வதே இல்லை. முன் கண்ணாடியின் ரப்பர் ஓரமாக இறங்கும் தண்ணீர் டேஷ்போர்ட்டுக்குப் பின்னால் வழிந்து பியூஸ் பெட்டி வரை போவதைப் பல வண்டிகளில் கண்டிருக்கிறேன். செம்பு பச்சை பிடித்தால் மின்சாரம் ஒழுங்காகப் போகாது. பெட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு, கொன்டக்ட் கிளீனர் அடித்து, பழைய மென்மையான டூத் பிரஷால் தேய்த்து நன்றாகக் காயவிடுங்கள். ரேடியோ செட்டுக்குக் கோட் இருந்தால், மைனஸைக் கழற்றுவதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

டேஷ்போர்ட்டுக்குக் கீழே மஞ்சள் நிறக் கனெக்டர்களைக் கண்டால் கை வைக்க வேண்டாம். அவை ஏர்பேக்குக்கு உரியவை.

அளந்து பாருங்கள்

சொக்கட்டின் அகலமான பக்கம் மேலே இருக்கும்படி பாருங்கள். மேல் வரிசையில் இடமிருந்து வலமாக 1 முதல் 8, கீழ் வரிசையில் 9 முதல் 16. நமக்கு வேண்டியவை மூன்று: 16 (கீழே, வலது கோடி) பெட்டரியின் பிளஸ். 4, 5 (மேல் வரிசையின் நடு) இரண்டும் எர்த்.

மீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். மீட்டரின் தடித்த முனையைத் துளைக்குள் திணிக்காதீர்கள். தகடு அகன்றுவிடும், பிறகு எந்த ஸ்கேனரும் அதில் இறுகாது. ஊசியை மெதுவாக உள்ளே விட்டு, ஊசியில் முனையைத் தொடுங்கள். இரண்டு ஊசிகளும் ஒன்றோடொன்று முட்டக்கூடாது.

சிவப்பு 16இல், கறுப்பு 4இல். சாவி ஓஃபில் இருந்தாலும் 12.4, 12.6 வோல்ட் என்று காட்ட வேண்டும். காட்டினால் கறுப்பை 5க்கு மாற்றி அதையும் பாருங்கள். ஒன்றும் காட்டாவிட்டால் சிவப்பை 16இலேயே வைத்துக்கொண்டு, கறுப்பை வண்டிப் பொடியின் (உலோக உடம்பின்) பெயின்ட் இல்லாத ஆணி ஒன்றில் தொடுங்கள். இப்போது 12 வந்தால் எர்த் வயர் விட்டுப்போயிருக்கிறது. அப்போதும் வராவிட்டால் பிளஸ் வரவில்லை, பியூஸ் பக்கம் போக வேண்டும்.

புதிதாகப் பழகுகிறவர்களை மீட்டர் இங்கே ஏமாற்றும். வயருக்குள் இழைகள் அறுந்து, பச்சை பிடித்த ஒரே ஒரு இழை லேசாக ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் இழுக்கிற கரன்ட் மிகமிகக் கொஞ்சம். ஸ்கேனரைக் குத்தியதும் அந்த இழை தாங்காமல் வோல்ட் சரிந்துவிடும். அதனால்தான் பல்ப். 5 வாட் பல்ப் 0.4 ஆம்பியர் அளவில் இழுக்கும். அதன் ஒரு வயரை 16இலும் மற்றதை 4இலும் தொடுங்கள். பளிச்சென்று எரிந்தால் வழி சுத்தம். மங்கினால் 16க்கும் பொடிக்கும் தொட்டுப் பாருங்கள்: அங்கே பளிச்சிட்டால் குறை எர்த்தில், அப்போதும் மங்கினால் பிளஸ் வயரில். பல்பை வேறு எந்தத் துளையிலும் தொட வேண்டாம். மற்றவை கம்ப்யூட்டர் பெட்டிக்குப் போகிற வயர்கள்.

பியூஸ்

பல டொயோட்டாக்களில் பியூஸ் பெட்டி மூடியில் ஓபிடி என்றே எழுதி 7.5 ஆம்பியர் போட்டிருக்கும். வேறு வண்டிகளில் சிகரட் லைட்டரோடோ உள் லைட்டோடோ சேர்ந்திருக்கலாம். கண்ணால் மட்டும் பார்த்து நல்ல பியூஸ் என்று முடிவு செய்யாதீர்கள். பியூஸின் முதுகில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் தெரியும். மீட்டரின் கறுப்பைப் பொடியில் வைத்து, சிவப்பால் இரண்டையும் தொடுங்கள். இரண்டிலும் 12 வந்தால் பியூஸ் நல்லது. ஒன்றில் மட்டும் வந்தால் போய்விட்டது. ஒன்றிலுமே வராவிட்டால் சாவியை ஓன் பண்ணி இன்னொரு முறை பாருங்கள், சில பியூஸ்களுக்குச் சாவி ஓனில்தான் மின்சாரம் வரும்.

அதே ஆம்பியர் பியூஸைத்தான் போட வேண்டும். சிகரட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிப் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வளைவுப் பாதையில் ராத்திரி இறங்கும்போது டேஷ்போர்ட்டுக்குள் புகை வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

புதுப் பியூஸும் உடனே போனால் எங்கோ ஷோர்ட். வண்டி வாங்கிய பிறகு பூட்டியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள்: ரேடியோ செட், அலாரம், ஜிபிஎஸ், ரிவர்ஸ் கேமரா. இவற்றுக்கு மின்சாரம் வேண்டும் என்று கைக்கு எட்டிய ஸ்கேனர் வயரைச் சீவி, வெறுமனே முறுக்கி டேப் ஒட்டியிருப்பார்கள். அந்த டேப் பிசுபிசுத்துக் கழன்றிருக்கும்.

ஸ்கேனர் லைட் எரிகிறது, ஆனால் வண்டியோடு பேசவில்லை

சாவியை ஓன் பண்ணுங்கள். செக் என்ஜின் லைட் எரிகிறதா? லைட்டும் எரியாமல் என்ஜினும் ஸ்டார்ட் ஆகாவிட்டால் கம்ப்யூட்டர் பெட்டிக்கே மின்சாரம் போகவில்லை என்று சந்தேகப்படலாம், அதன் பியூஸ், ரிலே, எர்த்தைப் பாருங்கள். பெட்டரியும் காரணமாக இருக்கலாம். நுவரெலியாவில் உறைபனி விழுகிற ஜனவரி விடியலில், தளர்ந்த பெட்டரியோடு ஸ்கேனர் இணைப்பு அறுந்து அறுந்து போகும்.

பிறகு எந்தத் துளைகளில் தகடு இருக்கிறது என்று பாருங்கள். 7இல் இருந்து, 6உம் 14உம் காலியாக இருந்தால் அது ஒரே வயரில் பேசுகிற பழைய கே லைன் முறை. சாவி ஓனில் 7இல் பெட்டரி வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். 6, 14 இரண்டிலும் தகடு இருந்தால் பெரும்பாலும் இரண்டு வயரில் பேசுகிற கேன் முறை, ஒவ்வொன்றிலும் 2.5 வோல்ட்டைச் சுற்றி வரும். பெட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு 6க்கும் 14க்கும் நடுவே ஓம் அளந்தால் 60 அளவில் காட்ட வேண்டும். 120 காட்டினால் அந்த வயர்களின் ஒரு முனையில் இணைப்பு விட்டுப்போயிருக்கிறது, பூச்சியத்தை ஒட்டினால் இரண்டு வயரும் முட்டிக்கொண்டிருக்கின்றன. இந்த இடத்துக்கு மேல் வயரிங் படம் வைத்திருக்கிற நல்ல வயரிங் பாஸிடம் கொடுங்கள். நீங்கள் அளந்த எண்களை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்தால் அவருக்குப் பாதி நாள் வேலை மிச்சம்.

ஸ்கேனர் பேசத் தொடங்கியதும் அழிக்கிற பட்டனை அமுக்கிவிடாதீர்கள். முதலில் கோளாறுக் கோட்களைப் போனில் படம் பிடியுங்கள். அழித்த பிறகு, அந்த லைட் எதற்காக எரிந்தது என்பதை வண்டி மீண்டும் சொல்ல எத்தனையோ நாள் ஓட வேண்டியிருக்கும்.