கொல்லையில் தச்சுப் பட்டறை: காற்றுக்குப் பறக்காத ஷெட் அமைக்கும் முறை

பட்டுக்கோட்டைப் பக்கம் கொல்லையில் பட்டறை போடுகிறவர்கள் பலர், தகரக் கூரைக்கு என்ன பாரம் வந்துவிடப் போகிறது என்று எண்ணி, ஒன்றரை அடிக் குழியில் இரும்புக் குழாயை நட்டு, சுற்றிலும் ஜல்லிக் கலவையைக் கொட்டி வேலையை முடித்துவிடுகிறார்கள். என் முதல் ஷெட்டையும் நான் அப்படித்தான் போட்டேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. விடிந்து போய்ப் பார்த்தபோது, கூரை பக்கத்துத் தோப்பில் சாய்ந்து கிடந்த தென்னைகளின் மேல் கிடந்தது. தகரத்தில் ஒரு ஸ்க்ரூகூடக் கழன்றிருக்கவில்லை. தூண்களோ, அடியில் கான்கிரீட் உருண்டை ஒட்டியிருக்க, பிடுங்கிப் போட்ட மரவள்ளிக்கிழங்கு போல வேலியோரம் கிடந்தன. ஷெட்டின் அஸ்திவாரம் பாரத்தைத் தாங்குவதற்கு மட்டுமன்று, கூரையைத் தரையோடு பிடித்து வைப்பதற்கும்தான் என்பதை அன்று கற்றுக்கொண்டேன். இங்கே சொல்லும் முறை முழுவதும் அந்தப் பாடத்திலிருந்து வந்தது.

கணக்கை முதலில் பார்த்துவிடலாம். கட்டடங்கள் மேல் வரும் காற்று விசைக்கான இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் விதிநூல், ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி, சென்னை போன்ற கடலோர ஊர்களுக்கு அடிப்படைக் காற்று வேகமாக நொடிக்கு 50 மீட்டரை, அதாவது மணிக்கு 180 கிலோமீட்டரைக் கொள்கிறது. நொடிக்கு மீட்டரில் உள்ள வேகத்தின் வர்க்கத்தை 0.6ஆல் பெருக்கினால், காற்றழுத்தம் சதுர மீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று கிடைக்கும். அந்த வேகத்துக்கு அது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ எடைக்குச் சமம். கூரையின் வடிவத்தையும் வாசல்கள் திறந்திருக்கின்றனவா என்பதையும் பொறுத்து இது கூடும், குறையும். அரை மில்லிமீட்டர் தகரத்தின் எடையோ சதுர மீட்டருக்கு 5 கிலோதான். சுவருக்கு வெளியே நீளும் இறவாணத்தோடு சேர்த்து 76 சதுர மீட்டர் வரும் ஒரு கூரையைப் புயல் பத்து டன்னுக்கும் மேலான விசையோடு மேலே இழுக்கக்கூடும் என்றால், பத்துத் தூண்களில் ஒவ்வொன்றும் ஒரு டன்னுக்கு மேல் பிடித்து நிற்க வேண்டும்.

இந்தக் கணக்கு 20 அடி அகலமும் 30 அடி நீளமும் உள்ள ஷெட்டுக்கானது. தச்சு வேலைக்கு இதைவிடச் சிறிதாகப் போட வேண்டாம் என்பேன். எட்டுக்கு நான்கு பிளைவுட் பலகையை வட்ட ரம்பத்தில் நீளவாக்கில் அறுக்க வேண்டுமானால், ரம்பத்துக்கு முன்னால் எட்டு அடியும் பின்னால் எட்டு அடியும் இடம் வேண்டும். சுவரோரம் மரம் அடுக்கவும் வேலை மேசை போடவும் வேண்டிய இடம் தனி. தொடங்கும் முன் ஊராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தில் வரைபடத்தைக் காட்டி, தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019இன்படி மனையின் எல்லையிலிருந்து எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீளவாக்கு கிழக்கு மேற்காக அமையட்டும். வடக்குச் சுவரில் வரிசையாக ஜன்னல் வைத்தால் கண் கூசாத வெளிச்சம் நாள் முழுவதும் கிடைக்கும். ஆனால் நம் ஊரில் சித்திரை தொடங்கி ஆவணி முதல் வாரம் வரை உச்சிச் சூரியன் சற்றே வடக்கில் நிற்பதால், வடபுறத்திலும் இரண்டடி இறவாணம் தேவை. ஐப்பசி, கார்த்திகையில் மழையும் அந்தத் திசையிலிருந்துதான் சாய்ந்தடிக்கும். பெரிய ஷட்டரைத் தெற்கில் வையுங்கள். மேற்கில் வைத்தால் ஆடிக் காற்று புழுதியை அள்ளி வந்து உள்ளே கொட்டும். மாலை வெயிலும் நேரே முகத்தில் அடிக்கும்.

இடத்தைச் சுத்தம் செய்து, 3, 4, 5 அடிக் கணக்கில் முக்கோணமாகக் கயிறு கட்டி, மூலை செங்கோணமாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு, இரு பக்கமும் ஏழரை அடிக்கு ஒன்றாகப் பத்துக் குழிகளை எடுங்கள். ஒவ்வொன்றும் மூன்றடிக்கு மூன்றடி, ஆழம் நான்கடி. எங்கள் மண் களிமண். கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் ஊதும். அசைவு மேல்மண்ணில்தான் மிகுதி என்பதால் அஸ்திவாரம் அதற்குக் கீழே போய் உட்கார வேண்டும். அடியில் கம்பி வலையோடு ஓரடிக் கனத்துக்குக் கான்கிரீட் தளம், அதிலிருந்து கம்பிக்கூட்டோடு மேலெழும் ஓரடிச் சதுரக் குட்டைத் தூண், அதன் தலையில் இரும்புத் தூணைப் பூட்டுவதற்காகக் கான்கிரீட்டில் பதித்த நான்கு 16 எம்.எம். ஆங்கர் போல்ட். குட்டைத் தூணின் கம்பிகளை அடித்தளத்துக் கம்பியோடு கட்டாயம் பிணைத்திருக்க வேண்டும். பிணைக்காவிட்டால் மேலே இழுக்கும்போது கான்கிரீட் அந்த இணைப்பில் அறுந்து வந்துவிடும். பிறகு அரை அடிக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்து மண்ணை நிரப்புங்கள். அகன்ற தளத்தின் மேல் இறுகி உட்கார்ந்த அந்த மண்தான் எடை. கான்கிரீட்டும் மண்ணும் சேர்ந்து ஒரு குழிக்கு ஒன்றரை டன்னுக்கு மேல் வரும்.

தூணுக்கு நான்கங்குலச் சதுரக் குழாய் எடுத்து, அடியில் பற்றவைத்த 10 எம்.எம். பேஸ் பிளேட் என்ற இரும்புத் தகட்டில் நிறுத்துங்கள். கூரை விளிம்பு பதினோரு அடியிலும் முகடு பதினான்கு அடியிலும் இருந்தால் சாய்வும் உயரமும் போதுமானவை. 20 அடி அகலத்துக்குக் குறுக்கே தூணுக்குத் தூண் போகும் முக்கோணச் சட்டமான டிரஸ்ஸுக்கும், அதன் மேல் நீளவாக்கில் ஓடி ஷீட்டைத் தாங்கும் பர்லினுக்கும் என்ன கனம் வேண்டும் என்பதை மட்டும் வெல்டர் சொல்லும் வழக்கத்துக்கு விட்டுவிடாமல் ஒரு கட்டடப் பொறியாளரிடம் கணக்குப் போட்டு வாங்குங்கள். அந்தக் கட்டணம் மொத்தச் செலவில் சிறு பங்குதான். நான்கு மூலையை ஒட்டிய தூண் இடைவெளிகளிலும், கூரைத் தளத்தின் இரு முனைகளிலும் குறுக்குக் கம்பிகளைப் பெருக்கல் குறி போலக் கட்டுவது அவசியம். அது இல்லாத ஷெட்டின் தூணைக் கையால் தள்ளிப் பார்த்தாலே ஆட்டம் தெரியும்.

கூரைக்கு வெள்ளை அல்லது வெளிர் நிறக் கலர் கோட்டிங் ஷீட்டையே எடுங்கள். கையில் பணம் இருந்தால் இரு தகரங்களுக்கு நடுவே நுரை அடைத்த பஃப் பேனல் சிறந்தது; சித்திரை மதியத்திலும் உள்ளே நின்று இழைக்கலாம். இல்லையென்றால் ஷீட்டுக்கு அடியில் பபிள் இன்சுலேஷன் விரித்து, முகட்டில் காற்றில் தானே சுழன்று சூட்டை வெளியேற்றும் டர்போ வென்டிலேட்டர் இரண்டு வையுங்கள். ஸ்க்ரூ பூட்டும்போது அருகில் நின்று பார்க்க வேண்டும். ரப்பர் வாஷர் தன் மூடியின் விளிம்பை மட்டும் எட்டிப் பார்க்கும் அளவுக்கு அழுந்தியிருப்பதே சரியான இறுக்கம். அது பிதுங்கி மடிந்துவிட்டால் இரண்டு கோடையில் வெடித்து ஒழுகும். சுற்ற வருகிற அளவுக்குத் தளர்ந்திருந்தால் முதல் மழையிலேயே ஒழுகும். காற்றின் இழுப்பு கூரையின் விளிம்பிலும் மூலையிலும் முகட்டிலும்தான் மிகுதியாக இருக்கும் என்பதால், அங்கெல்லாம் ஸ்க்ரூவை இரட்டிப்பாக்குங்கள். ஷீட்டைக் கிரைண்டரால் அறுக்க விடாதீர்கள். தீப்பொறி பட்ட இடத்தில் பூச்சு கருகித் துரு பிடிக்கும். தகரக் கத்தரியே போதும். துளையிட்டபோது விழுந்த இரும்புத் தூளை அன்று மாலையே மென்மையான துடைப்பத்தால் கூட்டித் தள்ளுங்கள். ஒரே இரவுப் பனியில் அந்தத் தூள் துருவேறி, புதுக் கூரை முழுவதும் செம்புள்ளியாகிவிடும்.

கூரை ஏறிய பிறகே தரை போடுங்கள். நிழலில் கான்கிரீட் மெதுவாக இறுகுவதால் வெடிப்பு குறைகிறது. வெளித் தரையைவிட ஒன்றரை அடி உயர்த்தி, கிராவல் நிரப்பி இடித்து, கரையான் மருந்து தெளித்து, தடித்த பாலித்தீன் தாள் விரித்து, அதன் மேல் நான்கங்குலக் கான்கிரீட். இழைப்பு இயந்திரம் நிற்கும் இடத்தில் ஆறங்குலம். கான்கிரீட் கொட்டும் முன், வட்ட ரம்பம் நிற்கப்போகும் நடு இடத்துக்குத் தரைக்குள்ளேயே ஒரு பைப் பதித்து வையுங்கள். கால் தடுக்கும் வயர் தரையில் கிடக்கவே கூடாது. சுவர் ஆறங்குல ஹாலோ பிளாக்கில் ஏழடி எழும்பட்டும். அதற்கு மேல் வடக்கிலும் தெற்கிலும் மூடித் திறக்கும் சாய்பலகைத் தடுப்பு இருந்தால் சூடும் தூளும் வெளியேறும். ஷட்டருக்கு உட்புறம் குறுக்கே போட ஒரு இரும்புப் பட்டையைச் செய்து கொளுக்கியோடு வைத்துக்கொள்ளுங்கள். புயலில் ஷட்டர் பிதுங்கி வழி விட்டால், உள்ளே புகும் காற்று கூரையை அடியிலிருந்தும் தள்ளத் தொடங்கும்.

மின்சாரம் மீட்டரிலிருந்து தனி லைனாக வரட்டும். தனி எர்த் குழியும் மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம். வெளியாருக்கு வேலை செய்து கூலி வாங்கப் போகிறீர்கள் என்றால், வீட்டு இணைப்பிலிருந்து எடுக்காமல் தொழிலுக்குரிய இணைப்புக்கு மின்வாரிய அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். தூள் உறிஞ்சும் இயந்திரத்துக்கு ஒரு மூலையை முதலிலேயே ஒதுக்குங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. மூடிய ஷெட்டுக்குள் முகக்கவசம் இல்லாமல் தேய்ப்புத்தாள் போடக் கூடாது. வெல்டிங்கும் கிரைண்டரும் வாசலுக்கு வெளியேதான்.

தை மாதம் குழி எடுத்தால் வைகாசிக்குள் வேலை முடியும். ஆடிக் காற்றுக்கு முன் சுவரும் காய்ந்திருக்கும். ஆண்டுதோறும் புரட்டாசி கடைசியில் ஏணி போட்டு ஏறி, ஸ்க்ரூக்களை ஒரு சுற்று பார்த்து, வாஷர் வெடித்ததை மாற்றி, தூண்களின் அடியில் போல்ட் நட்டுகளை ஸ்பானரால் இறுக்கி, துரு தெரியும் இடத்தில் ரெட் ஆக்சைடு தடவிவிடுங்கள்.