பால் பிராண்டைப் பற்றி ஐந்து நிமிடம் பேச

ஜனவரி 30 தொழுநோய் ஒழிப்பு தினம். பொங்கல் முடிந்த கையோடு, அன்றைய பேச்சுப் போட்டிக்காகக் காட்பாடிப் பிள்ளைகள் என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். "டீச்சர், பால் பிராண்ட் பத்தி எழுதிக் குடுங்க." தொழுநோயால் கொக்கியாக மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் சரிசெய்த மருத்துவர் அவர். எழுதித் தரமாட்டேன். எப்படிப் பேசுவதென்று மட்டும் சொல்வேன். அது இதுதான்.

"1914 ஜூலை 17 அன்று கொல்லிமலையில் பிறந்தார்" என்று ஆரம்பிக்காதீர்கள். எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். நடுவராக உட்கார்ந்தால் எனக்கே கொட்டாவி வரும். கையிலிருந்து தொடங்குங்கள். விரல்களை நடுமூட்டில் மடக்கி, கொக்கி மாதிரி வைத்துக்கொண்டு, சட்டைப் பொத்தான் போட்டுக் காட்டுங்கள். முதல் நாளே வீட்டில் அதே கையால் ரசம் சோறு பிசைந்து பாருங்கள். சோறு விரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே நிற்காது, ரசம் மணிக்கட்டில் வழியும். அப்போதுதான் மேடையில் சொல்வதற்கு வார்த்தை வரும்.

அடுத்தது செங்கல்பட்டு. 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சிஎம்சி) அறுவை மருத்துவராக வந்த பிராண்ட், செங்கல்பட்டில் இருந்த தொழுநோய் மருத்துவமனைக்குப் போகிறார். மடங்கிப்போன ஒரு கைக்குள் தன் கையைக் கொடுத்து, அழுத்தச் சொல்கிறார். அந்தப் பிடி அவருக்கே வலித்துவிட்டது. கை செத்துப்போகவில்லை, சில தசைகள்தான் செயலிழந்திருக்கின்றன! அப்படியானால், வேலை செய்யும் ஒரு தசையின் நாணை, அதாவது தசையை எலும்போடு கட்டும் கயிற்றை, எடுத்து விரலுக்கு மாற்றிக் கட்டினால்? பொம்மலாட்டத்தில் அறுந்த கயிற்றுக்குப் பதில் வேறு கயிறு கட்டுவது போல என்று சொல்லுங்கள், கடைசி வரிசைக்கும் புரியும். இந்த இடத்துக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கலாம்.

இன்னொன்றையும் விடாதீர்கள். விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை. வலி தெரியாததால் சூடும் வெட்டும் படுகின்றன, புண் ஆறாமல் தேய்கின்றன. இரவில் எலி கடித்தாலும் தெரியாது. அதனால் நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள். கூட்டம் நிமிர்ந்து உட்கார்வது இந்தப் பூனைக்குத்தான்.

மருத்துவம் படிப்பதற்கு முன் பிராண்ட் இங்கிலாந்தில் தச்சும் கட்டட வேலையும் கற்றவர். வேலூர் பாகாயத்தில் குடிசைகள் போட்டு, அறுவைக்குப் பின் சரியாகிவிட்ட கைகளுக்கு மரவேலை சொல்லிக் கொடுத்தது அந்தப் பழக்கத்தில்தான். வேலூர் பக்கத்துக் கரிகிரி தொழுநோய் மருத்துவமனை 1955-ல் வந்தது. மற்றதெல்லாம் மளமளவென்று போகட்டும்: 1966-ல் அமெரிக்கா போனார், 1874-ல் தொடங்கிய 'தி லெப்ரசி மிஷன்' தொண்டு நிறுவனத்துக்குச் சர்வதேசத் தலைவராக இருந்தார், 2003-ல் மறைந்தார். பட்டம், விருதுப் பட்டியல் வேண்டாம். அம்மா ஈவ்லினுக்கு மட்டும் ஒரு வரி கொடுங்கள். கணவர் இறந்த பிறகும் மலையை விடாமல் 95 வயது வரை இங்கேயே உழைத்த கிழவி அவர்.

இரண்டு எச்சரிக்கை. சிஎம்சியைத் தொடங்கியது பிராண்ட் என்று வருடா வருடம் ஒரு பிள்ளையாவது சொல்கிறது. தொடங்கியவர் ஐடா ஸ்கடர், அமெரிக்கர். அப்புறம், 'குஷ்டரோகி' என்ற சொல் வாயில் வரக்கூடாது. தொழுநோயாளி என்று சொல்லுங்கள். குணமானவரை அப்படியும் சொல்லாதீர்கள், அவர் வெறும் ஆள்தான். 'மகான்', 'தெய்வப்பிறவி' இரண்டையும் நான் சிவப்பு மையால் அடிப்பேன்.

முடிவுக்கு ஊசிக் கதை. நீண்ட ரயில் பயணம் முடிந்து, லண்டனில் ஒரு இரவு காலுறையைக் கழற்றுகிறார். பாதத்தில் உணர்ச்சியில்லை. ஊசியால் குத்துகிறார், வலிக்கவில்லை. தனக்கும் வந்துவிட்டது என்று விடிய விடியத் தூக்கமில்லை. காலையில் மறுபடி குத்துகிறார். 'ஆ' என்று அலறுகிறார். ரயிலில் நரம்பு அழுந்தி மரத்துப் போயிருந்தது, அவ்வளவுதான். வலித்ததற்காக சந்தோஷப்பட்ட மனிதர்! அந்த 'ஆ'வை நன்றாகக் கத்துங்கள். பிறகு மூன்று விநாடி சும்மா நின்று, வணக்கம் சொல்லி இறங்கிவிடுங்கள்.