அம்மா நிற்கும்போது மட்டும் ஏன் இந்த அடம்? டே கேர் வீடு தொடங்குபவர்களுக்கான செய்முறை

வீட்டிலேயே நாலைந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கியவர்களுக்கு முதல் வாரத்திலேயே ஒரு விஷயம் புரியாது. பகல் முழுக்கச் சொன்னதைக் கேட்கிற பிள்ளை, காலையில் அம்மாவோ அப்பாவோ வாசலில் நிற்கும் அந்தச் சில நிமிடங்களில் மட்டும் அம்மாவை அடிக்கும், செருப்பை முற்றத்தில் எறியும், கேட்டைப் பார்த்து ஓடும்.

பெற்றவரைப் பிரியும் பயம் இதில் பாதி. எட்டு மாத வாக்கில் தொடங்கி, 10 முதல் 18 மாதங்களில் உச்சத்தில் இருந்து, பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூன்று வயதை ஒட்டித் தணியும். மீதிப் பாதி பெரியவர்கள் செய்வது. அம்மா இருக்கும்போது நாம் எப்படிக் கண்டிப்பது என்று நீங்கள் பேசாமல் நிற்பீர்கள். அடுத்த வீட்டில் வைத்து எப்படி அதட்டுவது என்று அம்மா தயங்குவார். அந்த இடத்தில் யார் பேச்சு செல்லும் என்று பிள்ளைக்குத் தெரியாது. அதைத்தான் அது அடித்தும் எறிந்தும் பார்க்கிறது. ஆகவே கீழே சொல்வது எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: எந்த நேரத்திலும் ஒரு பெரியவர்தான் பொறுப்பு. அந்தப் பொறுப்பு கைமாறுவது பிள்ளையின் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

1. முந்தின நாளே பேசி வையுங்கள்

வாசலில் நின்று விதி பேசாதீர்கள். சாயங்காலம் போனில் பேசி, மூன்று விஷயங்களை முடிவு செய்யுங்கள். பை கொளுவியில் (பை மாட்டும் கொக்கியில்) தொங்கும்வரை பிள்ளை பெற்றவர் பொறுப்பு, தொங்கிய பிறகு உங்கள் பொறுப்பு. வாசலில் நிற்பது மூன்று நிமிடம். சொல்லாமல் நழுவுவது, மிரட்டுவது, அடிப்பது மூன்றும் கிடையாது.

பேசியதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள், பிள்ளையைக் கொண்டுவிட வருகிற எல்லோருக்கும். அப்பா வளைகுடாவிலோ கடலிலோ இருக்கிற வீடுகள் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நிறைய. ஒரு நாள் அம்மா வருவார், மறுநாள் தாத்தா, அதற்கடுத்த நாள் பைக்கில் மாமா. மூன்று பேரும் மூன்று விதமாக நடந்தால் பிள்ளை தினமும் புதிதாகத்தான் தொடங்கும்.

முதல் மூன்று நான்கு நாள் அழுகை கூடும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். இத்தனை நாள் பலித்த அடம் திடீரென்று பலிக்காவிட்டால், பிள்ளை முதலில் இன்னும் சத்தமாகத்தான் செய்து பார்க்கும். இது தெரியாத பெற்றோர் மூன்றாம் நாள் மனம் இளகித் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதோடு அடம் கெட்டிப்படும்.

2. இடத்தைச் சரி செய்யுங்கள்

கேட்டின் தாழ்ப்பாள் நாலரை அடி உயரத்தில் இருக்கட்டும். மூன்று வயதுப் பிள்ளைக்கு எட்டாது. கிணற்றுக்கு இரும்பு வலை மூடி கட்டாயம். ஸ்கூட்டரில் வருகிறவர் வண்டியை அணைத்து, சாவியைக் கையில் எடுத்த பிறகுதான் பிள்ளையை இறக்க வேண்டும். முன்னால் நிற்கிற பிள்ளை ஆக்சிலேட்டரைத் திருகினால் வண்டி பாய்ந்துவிடும்.

பை மாட்ட மரக் கொளுவி ஒன்றை இரண்டரை அடி உயரத்தில் அடியுங்கள். ஆணி வேண்டாம், கண்ணில் குத்தும். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரு மழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொரு மழை என்று பாதி வருடம் நனைகிற ஊர் நம்முடையது. வராந்தாவில் தடித்த சாக்கு ஒன்று விரித்திருங்கள். ஈரத் தரையில் உருண்டு அடம் பிடிக்கிற பிள்ளையை வழுக்காமல் தூக்க முடியாது.

இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்துக்கு வர வேண்டாம். பத்து நிமிட இடைவெளி கொடுங்கள். ஒன்று அழுதால் அடுத்ததும் அழும்.

3. மூன்று நிமிட வரிசை

பிள்ளை நடந்து வரட்டும். இடுப்பில் வைத்துக் கொண்டுவந்து கைமாற்றினால், அம்மாவிடமிருந்து பிடுங்கியது போல ஆகிவிடும். அடத்தில் பாதி அங்கேதான் பிறக்கிறது. இன்னும் நடக்காத குழந்தையானால், அம்மா பாயில் உட்கார்ந்து இறக்கிவிடட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள்.

செருப்பு, மழைக்கோட்டு, பிறகு பை. பையைப் பிள்ளையே மாட்டட்டும். மாட்டியதும் நீங்கள் குனிந்து, அதன் முகத்துக்கு நேராக, "மக்ளே, வா. இனி நான் பாத்துக்கிடுவேன்" என்று சொல்லுங்கள். கையில் உடனே ஒரு வேலை கொடுங்கள்: கோழிக்கு அரிசி போடுவது, செடிக்கு ஒரு கப் தண்ணீர் ஊற்றுவது. பொம்மை அந்த நேரத்துக்கு எடுபடாது, அது எறியத்தான் ஆகும்.

அம்மா ஒரு முத்தம், ஒரு டாட்டா, "சோறு தின்னு தூங்கி எழும்பினதும் வருவேன்" என்று ஒரே வார்த்தை. நாலு மணி என்று சொன்னால் பிள்ளைக்குப் புரியாது, தூங்கி எழுவது புரியும். அதன் பிறகு திரும்பி வரக் கூடாது. ஜன்னல் பக்கம் நின்று ஒட்டுக்கேட்கிற பாட்டிகளுக்கும் இதேதான். தலை தெரிந்தால் எல்லாம் முதலிலிருந்து.

4. கை மீறினால்

அம்மாவை அடித்தால்: மணிக்கட்டை இறுக்காமல் பிடித்து, "அடிக்க விடமாட்டேன்" என்று ஒரே தடவை, தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். பிரசங்கம் வேண்டாம். பை தொங்கிவிட்டதென்றால் இதைச் சொல்ல வேண்டியது நீங்கள். அம்மா சும்மா நிற்கட்டும்.

ஓடினால்: துரத்தாதீர்கள், அது விளையாட்டாகிவிடும். தாழ்ப்பாள் போட்டிருக்கும், கேட்டருகே போய் நில்லுங்கள்.

தரையில் படுத்தால்: தலை இடிக்காமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். பேச்சுக் குறையட்டும். அந்த நேரத்தில் அம்மா போகலாம். ஆனால் டாட்டா சொல்லிவிட்டுத்தான்.

அம்மா ஒரு கையையும் நீங்கள் இன்னொரு கையையும் பிடித்து இழுப்பது மட்டும் ஒருபோதும் கூடாது. ஒன்று முதல் நாலு வயதில் அப்படி இழுத்தால் முழங்கை எலும்பு இடம் விலகிவிடலாம். பிள்ளை அந்தக் கையை லேசாக மடக்கி உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு அசைக்க மறுக்கும். எண்ணெய் போட்டுத் தடவாமல், ஆட்டிப் பார்க்காமல் டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

5. பெற்றோர் வாயிலிருந்து வருபவை

"போலீஸ் பிடிச்சிட்டுப் போகும்", "அழுதா அம்மா வரவே மாட்டேன்." இரண்டாவது ரொம்ப மோசம். பிள்ளையின் பயமே அதுதான், அதை அம்மாவே உறுதிப்படுத்துகிறார். உடனே, அம்மா காதிலும் விழும்படி, "அம்மா கண்டிப்பா வருவாங்க மக்ளே" என்று சொல்லிவிடுங்கள். அம்மாவிடம் கோபப்பட வேண்டாம். வேலைக்கு நேரமாகிறது என்ற பதற்றத்தில் வருகிற வார்த்தை அது. சாயங்காலம் தனியாகப் பேசுங்கள்.

யாராவது கை ஓங்கினால் நடுவில் வந்து, "அண்ணா, பை மாட்டியாச்சு, இனி நான் பாத்துக்கிடுவேன். நீங்க கிளம்புங்க" என்று சொல்லுங்கள். முகம் காப்பாற்றிக்கொள்ள அவருக்கும் ஒரு வழி கிடைக்கும்.

பிஸ்கட்டோ மொபைலோ கொடுத்து அழுகையை நிறுத்தினால், நாளை அழுகை அதற்காகவே வரும். ஆனால் பசி வேறு விஷயம். ஆறரை மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்பிய பிள்ளை வெறும் வயிற்றோடுதான் வரும். அழுதாலும் அழாவிட்டாலும், வந்து பத்து நிமிடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு மட்டிப் பழம் (சின்ன வாழைப்பழம்), சின்னவர்களுக்கு மசித்து. தினமும் ஒரே நேரத்தில் கொடுத்தால் அது லஞ்சமாகாது.

6. போன பிறகு

அழுகை எத்தனை மணிக்கு நின்றது என்று நோட்டில் எழுதுங்கள். அடங்கியதும் ஒரு படம் அனுப்புங்கள். அழுகிற வீடியோ அனுப்பாதீர்கள், அம்மா பாதி வழியில் திரும்பி வந்துவிடுவார்.

நோட்டில் நேரம் நாளுக்கு நாள் குறைய வேண்டும். மூன்று வாரமாகியும் குறையவில்லை, பகலிலும் சாப்பிடவில்லை, விளையாடவில்லை என்றால் அது அடம் இல்லை. காது வலியா, இரவுத் தூக்கமா, வீட்டில் புதுக் குழந்தையா, அப்பா இப்போதுதான் வெளிநாடு போனாரா என்று கேளுங்கள். பேச்சு வராதது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது சேர்ந்திருந்தால், ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கோ, பக்கத்துக் குழந்தை மருத்துவரிடமோ போகச் சொல்லுங்கள்.

ஓணம், கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா, கிறிஸ்துமஸ் என்று நீண்ட விடுப்பு முடிந்து வரும்போது பழைய அடம் திரும்பும். அன்றைக்கு முதல் நாள் போலவே வரிசையை முழுதாகச் செய்யுங்கள், முடிந்தால் ஒரு மணி நேரம் முன்னதாகவே கூட்டிப்போகச் சொல்லுங்கள்.