பக்கத்தில் சர்ஃப் செய்பவர் தத்தளித்தால்

கோவளம் போன்ற கரைகளில் உதவி வருவதற்குள் அருகில் பலகையில் அலைச்சவாரி செய்யும் சர்ஃபர்தான் போய்ச் சேர முடியும். கிளம்பும் முன் கரையைப் பார்த்துக் கையை உயர்த்தி ஆட்டுங்கள். 108-ஐ அழைக்க அங்கே ஓர் ஆள் வேண்டும். லீஷை, அதாவது பலகையைக் காலோடு இணைக்கும் கயிற்றை, கழற்றாதீர்கள். பலகை கைவிட்டுப் போனால் மூழ்குபவர் இருவர்.

நினைவோடு இருப்பவரிடம் கையை நீட்டாதீர்கள், பயத்தில் கழுத்தைக் கட்டிக்கொள்வார். ஓர் ஆள் தூரத்தில் நின்று பலகையை நடுவில் தள்ளி, "இதைப் பிடிங்க!" என்று கத்துங்கள். நீரோட்டம் உள்ளே இழுத்தால் எதிர்த்துத் துழாவ வேண்டாம்; கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகருங்கள்.

நினைவிழந்தவரை ஏற்றுவதுதான் கடினம். பலகையைக் கவிழ்த்து, ஃபின்களுக்கு (பலகையின் அடியில் பின்பக்கம் உள்ள துடுப்புகள்) முன்னால் அவர் கைகள் இரண்டையும் அக்குள்வரை குறுக்கே இழுங்கள். எதிர்ப்பக்கம் நின்று, ஒரு கையால் அவர் மணிக்கட்டுகளை அழுத்திப் பிடித்து, மறுகையால் அவர் பக்கத்து விளிம்பைப் பற்றி உங்களை நோக்கிப் புரட்டுங்கள். மார்பு பலகை மேல் வந்துவிடும். பிறகு கால்களைத் தூக்கி நேராக்கி, அவற்றின் நடுவே படுத்துத் துழாவுங்கள். ஃபின் கிழிக்கும், முகத்தைத் தள்ளியே வையுங்கள்.

கரையில் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். வாந்தி நுரையீரலுக்குள் போகும். மூச்சில்லை என்றால் முதலில் 5 முறை வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். பின் மார்பில் 30 அழுத்தம், 2 ஊதல், மாறி மாறி. ஆழம் 5–6 செ.மீ., வேகம் நிமிடத்துக்கு 100–120. எழுந்து உட்கார்ந்தாலும் மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.