விடுமுறையில் ஆற்றுக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

பள்ளி விடுமுறை வந்தால் கோலாலம்பூரில் நம் குடும்பங்களுக்கு ஆற்றங்கரை நினைப்பு வந்துவிடும். ஹுலு லங்காட் பக்கம் சுங்கை காபாய், சொங்காக். ரவாங் பக்கம் கஞ்சிங். நாசி லெமாக் பொட்டலம், பாய், ஐஸ் பெட்டி, மாற்றுத்துணி என்று எல்லாவற்றையும் முதல் நாள் இரவே எடுத்து வைக்கிறோம். போகிற இடம் மலைக்காட்டு ஆறு என்பதை மட்டும் யாரும் யோசிப்பதில்லை. நீச்சல் தெரிந்தவர்களும் அங்கே மாட்டிக்கொள்வதற்குக் காரணம் இதுதான்.

இருப்பதிலேயே பெரிய தவறு, தலைக்கு மேலே வெயில் அடிக்கிறது என்று நம்பி உட்கார்ந்திருப்பது. நாம் குளிக்கும் தண்ணீர் தித்திவங்சா மலைத்தொடரின் உச்சியிலிருந்து வருகிறது. அங்கே ஒரு மணி நேரம் கொட்டிய மழை, இங்கே ஒரு துளிகூட விழாத நிலையிலும் வந்து சேரும். மலைச்சரிவில் விழுந்து கிடக்கும் மரமும் கிளையும் ஓடையின் குறுகலான இடத்தில் அடைத்துக்கொள்ளும். பின்னால் தண்ணீர் தேங்கிக்கொண்டே போய், அடைப்பு உடையும்போது மண், கல், மரம் எல்லாம் சேர்ந்து ஒரே மூச்சில் கீழே பாயும். மலாயில் ‘கெபாலா ஆயர்’ என்று சொல்வது இந்தத் திடீர் வெள்ளத்தைத்தான். 2021 ஆகஸ்டில் கெடாவின் ஜெராய் மலையிலிருந்து இப்படி இறங்கிய வெள்ளம் யான் வட்டாரத்தில் வீடுகளுக்குள்ளேயே புகுந்து உயிர்களைப் பறித்தது. ஆற்றுக்குள் நிற்பவர்களுக்கு எவ்வளவு அவகாசம் இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஆனாலும் ஆறு பெரும்பாலும் அறிகுறி காட்டும். கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் தேத்தண்ணீர் நிறத்துக்கு மாறும். காய்ந்த இலையும் சுள்ளியும் கொத்துக் கொத்தாக மிதந்து வரும். சில நேரம் நீர்மட்டம் திடீரென்று குறையும். மேலே எங்கேயோ அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். மண் வாசனை, தூரத்தில் இடி உருளுவது போன்ற சத்தம். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வெளியேறிவிடுங்கள். கரையோரமாகவே கீழ்நோக்கி ஓடக்கூடாது. பக்கவாட்டில் மேட்டுக்கு ஏற வேண்டும். ஐஸ் பெட்டியும் செருப்பும் போனால் போகட்டும். எதிர்க்கரையில் இருந்தால் கடக்க முயலாமல் அங்கேயே உயரமான இடத்தில் காத்திருங்கள். மலை ஆறு ஏறிய வேகத்திலேயே பல நேரம் இறங்கியும் விடும்.

போய்ச் சேர்ந்ததும் இதைச் செய்யுங்கள்: தண்ணீர் தொடும் இடத்தில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். அவ்வப்போது ஒரு பார்வை போதும், நீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். நம் ஊரில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் வருவதால், காலையிலேயே போய் மதியத்துக்குள் கிளம்பிவிடுவது நல்லது. மார்ச், ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் இன்னும் கவனம் தேவை.

அடுத்தது, ‘இடுப்பளவு தண்ணீர்தானே’ என்ற எண்ணம். வேகமான நீரில் கால் பாறை இடுக்கில் சிக்கினால், பின்னாலிருந்து தள்ளும் நீர் ஆளைக் குப்புற அழுத்திவிடும். அடித்துச் செல்லப்பட்டால் எழுந்து நிற்கப் பார்க்காதீர்கள். மல்லாந்து, கால்களை முன்னால் நீட்டி மிதந்தபடி மெதுவாகக் கரைப்பக்கம் ஒதுங்குங்கள். அருவி விழும் இடத்துக்கு நேர் கீழே நீந்தவும் வேண்டாம். அங்கே தண்ணீரில் காற்றுக்குமிழி கலந்திருப்பதால் உடல் சரியாக மிதக்காது, சுழல் வேறு உள்ளே இழுக்கும். பாறையிலிருந்து குதிப்பதும் அப்படித்தான். போன மாதம் ஆழமாக இருந்த இடத்தில், ஒரு பெருமழைக்குப் பிறகு மணலும் மரக்கட்டையும் வந்து நிரம்பியிருக்கலாம்.

பிள்ளைகள் விஷயத்தில், பெரியவர்கள் பத்துப் பேர் கரையில் இருக்கிறோம் என்பது பாதுகாப்பு ஆகாது. மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கத்தாது. யாராவது ஒருவர், போனை வைத்துவிட்டு, கை எட்டும் தூரத்தில் தண்ணீரிலேயே நிற்க வேண்டும். காற்றடித்த வளையம் விளையாட்டுச் சாமான்தான். லைஃப் ஜாக்கெட் வாங்கிக் கொடுங்கள்.

ஒருவர் மூழ்குவதைப் பார்த்ததும் அப்பா, மாமா, அண்ணன் என்று அடுத்தடுத்துக் குதித்து, ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று உயிர்கள் போவது மனதை உலுக்குகிறது. குதிக்காதீர்கள். மூடிய ஐஸ் பெட்டி மிதக்கும், காலித் தண்ணீர்ப் போத்தலும் மிதக்கும், எறியுங்கள். கரையில் குப்புறப் படுத்து, முறுக்கிய கைலியையோ துப்பட்டாவையோ நீட்டுங்கள். ஒருவர் உடனே 999-ஐ அழைக்கட்டும். காட்டுக்குள் பல இடங்களில் லைன் கிடைக்காது; எந்த இடம் வரை கிடைக்கிறது என்று வரும்போதே பார்த்து வையுங்கள்.

வெளியே எடுத்த பிறகு வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும், தலைகீழாகத் தூக்குவதும் நேரத்தை வீணாக்கும். வாந்தி நுரையீரலுக்குள் போய்விடவும் கூடும். மூச்சு இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுங்கள், அப்புறம் நெஞ்சை அழுத்துங்கள்: 30 அழுத்தம், 2 மூச்சு, ஆம்புலன்ஸ் வரும்வரை. கண் விழித்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்.

குடித்துவிட்டு இறங்குவது, பாசிப் பாறையில் சிலிப்பரோடு நடப்பது, ‘பாஹாயா’ (ஆபத்து) பலகையைத் தாண்டிப் போவது: இவற்றுக்கு விளக்கம் தேவையில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் ஒன்று இருக்கிறது. கரையில் விட்டு வரும் மிச்சச் சோறும் கோழி எலும்பும் எலிகளை வரவழைக்கும். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் கால் காயத்தில் பட்டாலே எலிக்காய்ச்சல் தொற்றக்கூடும். 2010-இல் பகாங்கின் லுபோக் யூவில் மூழ்கியவரைத் தேடப் போன மீட்பாளர்களிலேயே சிலர் இத்தகைய தொற்றுகளால் இறந்தார்கள். குப்பையை மூட்டை கட்டி எடுத்து வாருங்கள், காயம் இருந்தால் இறங்காதீர்கள். குளித்துவிட்டு வந்த இரண்டு, மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால், ஆற்றில் குளித்ததை டாக்டர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.