மலையிறங்கும் முன் ஒரு தாள்

கோத்தகிரியில் 26 ஆண்டுகள் லேப் டெக்னீஷியனாக ஊரார் கையில் ஊசி குத்தியவன் நான். போன மார்கழியில் மாமியாரைக் கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தபோது, நான்கு நாள் முந்தைய ரிப்போர்ட்டுகளைப் பையில் வைத்துக்கொண்டே வாயை மூடிக்கொண்டிருந்தேன். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி, தைராய்டு, கொழுப்பு எல்லாம் மறுபடியும் எடுத்தார்கள். போதாதென்று தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு ஊதா மூடிக் குழாயில் ஒன்று, மஞ்சள் மூடிக் குழாயில் ஒன்று. ஐந்தாம் நாள் அவருடைய முழங்கை மடிப்பு நாவல்பழ நிறத்துக்கு வந்த பிறகுதான் எனக்குச் சுரணை வந்தது. நீங்களாவது முன்பே தயாராகப் போங்கள்.

முதலில் ஒரு வெள்ளைத் தாள். பரிசோதனையின் பெயர், எடுத்த தேதி, அளவு, அலகு, லேப்பின் பெயர் என்று வரிசையாக எழுதுங்கள். அலகை விட்டுவிட்டால் எண்ணுக்கு மதிப்பில்லை. கீழே, தினமும் சாப்பிடும் மாத்திரைகள். மூல ரிப்போர்ட்டுகள் தாளின் பின்னால் தேதிவாரியாக இருக்கட்டும். ஈசிஜி தாளை மட்டும் உடனே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். நாளானால் எழுத்து மங்கி, வெறும் கட்டம்தான் மிஞ்சும். போனில் படம் எடுப்பவர்கள் பெயரும் தேதியும் தெரிகிற மாதிரி எடுக்க வேண்டும். தேதியில்லாத படத்தை எந்த டாக்டரும் நம்ப மாட்டார், நம்பவும் கூடாது. ஏற்கெனவே வேறு மருத்துவமனையில் படுத்திருந்தால், ஆவணங்களின் நகலை எழுதிக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ கவுன்சில் விதி.

அடுத்து, எந்த ரிப்போர்ட் எத்தனை நாள் செல்லும் என்று தெரிந்திருக்க வேண்டும். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை வைத்துத்தான் மூன்று மாதச் சராசரியைச் சொல்கிறார்கள். அதனால் எச்பிஏ1சி என்கிற அந்தப் பரிசோதனையைப் பொதுவாக மூன்று மாதத்துக்கு முன் மறுபடி பார்த்துப் பயனில்லை. தைராய்டு மாத்திரையின் அளவை மாற்றினால், மறுபடி பார்க்க ஆறு வாரமாவது பொறுக்க வேண்டும். சிவப்பணு அரிவாள் போல் வளைந்துபோகும் பரம்பரைக் கோளாறுக்கான அரிவாள் செல் பரிசோதனையைக் கைக்குழந்தைப் பருவம் தாண்டி ஒருமுறை முறையாக உறுதி செய்துவிட்டால், அது பிறவிக்கும் அதேதான். இந்தியாவில் அந்தக் கோளாறை 1952இல் முதலில் பதிவு செய்ததே நம் நீலகிரிப் பழங்குடிகளிடம்தான். அப்படியிருந்தும் அட்டையைத் தொலைத்துவிட்டுத் திரும்பத் திரும்பக் கை நீட்டுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அதற்காக எல்லாவற்றையும் தடுத்துவிடாதீர்கள். நெஞ்சுவலி வந்தால், இதயத் தசை பாதித்ததைக் காட்டும் ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனையைச் சில மணி நேர இடைவெளியில் மறுபடி பார்த்தே ஆக வேண்டும். ரத்தக் கசிவு இருந்தால் ஹீமோகுளோபினும் அப்படித்தான். ரத்தம் ஏற்றும் முன் பழைய குரூப் அட்டையை நம்பாமல் அவர்களே பார்ப்பதும் சரிதான்.

பொட்டாசியம் நம் மலைக்கே உரிய தலைவலி. உறைபனிக் காலத்தில் எடுத்த ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்காமல் குளிரில் வைத்து ஜீப்பில் கீழே அனுப்பினால், அணுக்களுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கசிந்து அளவு பொய்யாக ஏறிவிடும். மேலிருந்து போன ரிப்போர்ட்டில் பொட்டாசியம் அதிகமாக இருந்தால், உடனே புதிதாக ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் குத்து வீண் அல்ல.

இனி, கேட்கும் விதம். ஐந்து மணிக்கு வரும் நர்ஸிடம் சண்டை போடாதீர்கள். 'தினமும்' என்று யாரோ எழுதியதை அவர் செய்கிறார். ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் தாளைக் கொடுத்து, "இதில் எதை மறுபடி பார்க்க வேண்டும்? நாளைய ரிப்போர்ட் எப்படி வந்தால் மருந்து மாறும்?" என்று கேளுங்கள். நோயாளி நிலையாக இருக்கும்போது தினமும் ரத்தம் எடுக்காதீர்கள் என்று அமெரிக்க மருத்துவமனை மருத்துவர்களின் சங்கமே 2013இல் சொன்னதுதான். ஆனால் அதை அங்கே எடுத்துவிட்டால் வாதம் வளரும், காரியம் நடக்காது. ஆறாம் நாள் நான் கேட்டபோது, ரவுண்ட்ஸ் வந்த இளம் டாக்டர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்து 'தினமும்' என்பதை அடித்துவிட்டார். அரை நிமிட வேலை. மாமியார் என்னைப் பார்த்து, "தாள் அன்றைக்கே பையில்தான் இருந்ததா, மாப்பிள்ளை?" என்றார்.

தாளின் பின்பக்கத்தைக் காலியாக விடுங்கள். ஒவ்வொரு முறை ரத்தம் எடுக்கும்போதும் நேரத்தையும் குழாய்களின் எண்ணிக்கையையும் அங்கே குறித்து வாருங்கள். பில் வரும்போது அது கையில் இருக்க வேண்டும்.