கொத்துப்பட்ட கோழியும் சீக்குக் கோழியும்: எதை எங்கே வைப்பது?

போன ஆடியில் எங்கள் பஞ்சாயத்துத் திட்டத்தில் கிராமஸ்ரீ என்ற கலப்பினக் கோழி ஐந்து கிடைத்தது. பாலக்காட்டில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கோழி வளர்ப்பவர்கள் பாதிப்பேர் இப்படித்தான் தொடங்குகிறார்கள். வீட்டில் ஏற்கெனவே எட்டு நாட்டுக்கோழி உண்டு. எல்லாம் கோழிதானே என்று ஒரே கூட்டில் அடைத்தேன். மூன்றாம் நாள் காலை ஒரு கிராமஸ்ரீ, தென்னமட்டைக் குவியலுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நின்றது. வாலடியில் இறகே இல்லை, தோல் கிழிந்து சிவப்பாகத் தெரிந்தது.

பாவப்பட்டு அதைத் தூக்கிப்போய் வீட்டுக்குப் பின்னால் விறகுக் கொட்டகையில் பத்து நாள் வைத்துத் தேற்றினேன். புண் ஆறியது, கூட்டத்தில் விட்டேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, முன்னைவிட மோசமாக விழுந்து கொத்தின. பத்து நாள் கண்ணில் படாத கோழி அவற்றுக்குப் புதுக்கோழி என்பது எனக்கு அப்போது தெரியாது.

அதனால் முதலில் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சீக்குக் கோழியை மற்றவற்றின் கண்ணில் படாத தூரத்தில் வைக்க வேண்டும். கொத்துப்பட்ட கோழியை மற்றவற்றின் கண்ணெதிரிலேயே வைக்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால் ஒன்று கூட்டம் முழுக்கச் சீக்கு பரவும், இல்லை எனக்கு நடந்ததுபோல் நடக்கும்.

1. சீக்கா, கொத்தா என்று பாருங்கள்

கோழி தன் நோவை வெளியே காட்டாது. காட்டினால் கூட்டத்தில் உதை விழும் என்று அதற்குத் தெரியும். நம் கண்ணுக்குப் படும்போது ஒன்றிரண்டு நாள் கடந்திருக்கும். காலையில் கூட்டைத் திறந்து தீனி வீசும்போது கவனியுங்கள். ஓடி வராமல், இறகைச் சிலிர்த்து, வாலைத் தொங்கவிட்டு, கண் பாதி மூடி நின்றால் அது சீக்கு. தீனிக்கு ஆசையாக வந்து, இன்னொரு கோழியைக் கண்டதும் பதுங்கி ஓடினால் அது கொத்துப்படுகிறது.

பங்குனி, சித்திரையில் பாலக்காட்டு வெயிலில் வாயைத் திறந்து, ரெக்கையை விரித்து மூச்சு வாங்கும் கோழிக்குப் பெரும்பாலும் சீக்கு இல்லை, சூடுதான். நிழலும் தண்ணீரும் கொடுத்து, பொழுது சாய்ந்ததும் பாருங்கள். அப்போதும் வாய் திறந்திருந்தால் கவலைப்படலாம்.

2. இருட்டியதும் பிடித்துத் தடவிப் பாருங்கள்

பகலில் துரத்திப் பிடித்தால் பாதி உயிர் அதிலேயே போய்விடும். பொழுது அடைந்தபின் கூட்டிலிருந்து மெல்ல எடுத்து, மடியில் வைத்து, தலையிலிருந்து கால்வரை பாருங்கள். கண்ணில் நுரை, மூக்கில் சளி, வெளுத்த கொண்டை, கொண்டையிலும் கண்ணோரத்திலும் அம்மைக் கொப்புளம் உண்டா? நெஞ்செலும்பு கத்திபோல் கையில் குத்தினால் பல நாளாகத் தின்னவில்லை என்று அர்த்தம். ரெக்கையடியிலும் வாலடியிலும் இறகை ஊதி விலக்கிப் பேன் பாருங்கள்.

கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையை மட்டும் காலையில் தீனி வைப்பதற்கு முன் தொட்டுப் பார்க்க வேண்டும். இரவு முழுக்கச் செரித்துக் காலியாக இருக்க வேண்டிய பை கல்லுபோல் இருந்தால் அடைப்பு. தண்ணீர்ப்பை மாதிரி குழைந்து, வாயில் புளித்த வாடை வந்தால் தீனி உள்ளே புளித்திருக்கிறது.

3. பிரித்து வையுங்கள்

சீக்கு என்றால் வீட்டின் மறுபக்கம் ஒரு பஞ்சாரத்தை, அதாவது கோழி மூடும் பின்னல் கூடையைக் கவிழ்த்து, அடியில் சாக்கும் உமியும் போடுங்கள். மார்கழி, தையில் எங்கள் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சாமானியமில்லை, அதனால் சுவரோரம் காற்றுப் படாத இடமாகப் பாருங்கள். கோழியின் உடல் சூடு 41 டிகிரி செல்சியசுக்கு மேல். தின்னாத கோழிக்கு அந்தச் சூட்டைக் காப்பதே பெரும்பாடு. ஒரு ஓரத்தில் மட்டும் குண்டு பல்பு தொங்கவிட்டால் வேண்டியபோது பக்கத்தில் வரும், போதுமானால் விலகிக்கொள்ளும். நல்ல கோழிகளுக்குத் தீனி, தண்ணீர் எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில்தான் சீக்குக் கோழியிடம் போக வேண்டும். தேறியபின்னும் இரண்டு வாரம் தனியாகவே இருக்கட்டும்.

கொத்துப்பட்டது என்றால் அதே பஞ்சாரத்தைக் கூட்டத்துக்கு நடுவிலேயே, தீனி போடும் இடத்துக்குப் பக்கத்தில் கவிழ்த்துவிடுங்கள். ஒன்றையொன்று பார்க்கலாம், கேட்கலாம், கொத்த மட்டும் முடியாது. பின்னலின் இடுக்கு வழியாக அலகு நுழையாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

4. தண்ணீரும் தீனியும்

இங்கேதான் புதிதாக வளர்ப்பவர்கள் கோழியைக் கொல்கிறார்கள். நானும் ஒன்றைக் கொன்றிருக்கிறேன். வாயைப் பிளந்து சங்கில் தண்ணீர் ஊற்றினேன். மூச்சுக்குழலின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது, தண்ணீர் நேராக அதற்குள் போனது. இரண்டு முறை தலையை உதறியது, அவ்வளவுதான்.

அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வையுங்கள், தானாக நக்கிக்கொள்ளும். அது விழுங்கியபின் அடுத்த சொட்டு. மெடிக்கலில் கிடைக்கும் ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவுப்படி கலந்தால் போதும், கூட உப்புப் போடாதீர்கள். கலந்ததை மறுநாளுக்கு வைக்கக் கூடாது. தீனிக்கு ஊறவைத்த கம்பு, அவித்து மசித்த முட்டை, இரண்டு வாய் தயிர்ச்சோறு. தீனிப்பையில் அடைப்பு இருந்தால் இதெல்லாம் வேண்டாம், தண்ணீர் மட்டும் கொடுத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

5. காயத்துக்கு

கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரில் கழுவி, போவிடோன் அயோடின் தடவுங்கள். ஈரம் காய்ந்ததும் மேலே வேப்பெண்ணெயில் குழைத்த மஞ்சள். மஞ்சளால் இன்னொரு லாபம் உண்டு. கோழிக்குச் சிவப்பைக் கண்டால் கொத்தத் தோன்றும், புண் மஞ்சளாகிவிட்டால் அந்த ஆசை குறையும். வாலடிப் புண்ணில் ஈ மொய்த்தால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். அதனால் காலை, மாலை இரண்டு வேளையும் புண்ணைப் பாருங்கள்.

அம்மைக் கொப்புளமும் வேப்பெண்ணெய், மஞ்சளுக்கே ஆறும். அதில் ஆபத்து, கண் வீங்கி மூடிக்கொள்வது. தீனி எதிரில் இருந்தும் தெரியாமல் பட்டினி கிடக்கும். கண்ணைத் துடைத்துவிட்டுக் கையால் ஊட்டுங்கள்.

6. மிருகாசுபத்திரிக்கு எப்போது ஓடுவது

பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து முறுக்கிக்கொண்டால் வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிகேத். அதற்கு வந்தபின் மருந்தில்லை. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, 8 வாரத்தில் ஊசி என்று முன்பே போட்டிருக்க வேண்டும். குஞ்சுகள் இரத்தமாகக் கழிந்தாலும் அன்றே போங்கள், அதற்கு நல்ல மருந்து இருக்கிறது. வீட்டில் மிச்சமிருக்கும் மனித மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். டாக்டர் ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் எத்தனை நாள் முட்டை தின்னக் கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

திடீரென்று நான்கைந்து ஒன்றாகச் செத்தால் வெறுங்கையால் தொடாமல் மிருகாசுபத்திரிக்கு உடனே தகவல் சொல்லுங்கள். ஆலப்புழைப் பக்கம் குட்டநாட்டில் 2014-இலும் அதற்குப் பிறகும் பறவைக்காய்ச்சல் வந்தது நமக்குத் தெரிந்ததுதான். அப்படிப்பட்ட சமயத்தில் தமிழ்நாட்டு எல்லையில் வாளையாறு, கோபாலபுரம் செக்போஸ்ட்டில் வண்டிச் சக்கரத்துக்கு மருந்து அடிப்பார்கள். அந்த நாட்களில் பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து மலிவாகக் கிடைக்கிறதே என்று கோழி வாங்கி வர வேண்டாம்.

7. திரும்பச் சேர்ப்பது

புண் காய்ந்து இறகு முளைத்தபின், இருட்டில் கொண்டுபோய்க் கூட்டில் மற்றவற்றோடு உட்கார வையுங்கள். காலையில் தீனியையும் தண்ணீரையும் இரண்டு மூன்று இடத்தில் வைத்தால் ஒரு கோழியே எல்லாவற்றையும் காவல் காக்க முடியாது.

அப்படியும் கொத்தினால் அடிபட்டதைத் திரும்பப் பிரிக்காதீர்கள். கொத்துகிறதே, அந்த ரவுடியைப் பிடியுங்கள். அதை மட்டும் மூன்று நான்கு நாள் கூட்டத்தின் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை உண்டு என்று 1921-லேயே நார்வேக்காரர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். கண்காணாமல் போனால் வரிசையில் இடம் போய்விடும், திரும்பி வரும்போது அதுவே புதுக்கோழி. எனக்குக் கொட்டகையில் நட்டமான அதே பாடத்தை இங்கே லாபமாக்கிக்கொண்டேன்.

எங்கள் வீட்டு ரவுடி ஒரு கழுத்துமொட்டைப் பெட்டை. நான்கு நாள் விறகுக் கொட்டகையில் இருந்துவிட்டு வந்தது. அன்று சாயங்காலம் எல்லாம் தின்று முடிக்கும்வரை தென்னமட்டைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது.